பதினான்கு புள்ளிகள்

அந்த வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வகுப்பில் வியாழன்தோறும் பதினொரு மணிக்கு வரைந்ததையெல்லாம் சுவரில் குத்துவோம். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு மிக விசித்திரமாகப் பட்ட வழக்கம் அது. அவரவர் தாளைக் குண்டூசியால் குத்திவிட்டு, கையில் டீயோடு எல்லோரும் நின்றபடியே பார்ப்பார்கள். வரைந்தவன் வாய் திறக்கக் கூடாது. தாள்தான் பேச வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் சுவர்ப்படம் வரைபவனாக இருந்தேன். மழையளவு, பருத்தி விளைச்சல், எல்லாவற்றையும் கோடும் கட்டமுமாக்குவது என் வேலை. அளவுகளைப் பார்த்த மாத்திரத்தில் புரியும்படி படமாக்குவதற்கென்றே இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பு இருந்தது. உதவித்தொகை கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். "கோடு போடப் படிக்க சீமைக்கா போறாரு?" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

கிளம்பும்போது என் ஒரே மகள் பூங்கொடிக்கு ஒன்பது வயது. மாதக்கணக்கில் மாலையானால் அவளுக்குக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. மருந்து கொடுத்தால் நிற்கும், மறுபடி வரும். அவளை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற பயத்தில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு கட்டு கிராஃப் தாளும் வாங்கி வந்து, காலையும் மாலையும் அளந்து புள்ளி வைக்க என் மனைவி மங்கைக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நீண்ட கடிதம் எழுத வராது.

"எம் புள்ளைக்குக் காச்சல்னா தொட்டாத் தெரியாதா எனக்கு? படம் போட்டுத்தான் பாக்கணுமா?" என்றாள்.

"உனக்குத் தெரியும். அங்கேருந்து நான் எப்படித் தொடுறது?"

பூங்கொடி மடியில் படுத்துக்கொண்டு, "அப்பா, என்னையும் மழை மாதிரி வரையப் போறீங்களா?" என்று சிரித்தாள்.

அப்போது பெருமையாக ஒன்று சொன்னேன். ஓர் ஊரில் மழைமானி பார்க்கும் ஆள் ஒருவன், போய்ப் பார்க்காமலே தினமும் ஒரே அளவை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். நான் வரைந்து பார்த்ததும் பிடித்துவிட்டேன். "மேலயும் கீழயும் போனாத்தான் உண்மை. நேரா இருந்துச்சுன்னா வூட்ல உக்காந்து எழுதிட்டான்னு அர்த்தம்." மங்கை தலையாட்டினாள். இதையெல்லாம் அவள் எங்கே காதில் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

வாரம் ஒரு ஏர்மெயில் உறை வரும். மங்கையின் அண்ணன் பாடாலூரில் கடை வைத்திருந்தார். அவர் எழுதும் நாலு வரியும், மங்கையின் தாளும் இருக்கும். நாலு வரியை விட்டுவிட்டுத் தாளைத்தான் பிரிப்பேன். வெள்ளிக்கிழமை மாலைப் புள்ளி மட்டும் எப்போதும் கொஞ்சம் தள்ளியிருக்கும். அன்று சிறுவாச்சூர் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய், திரும்பி வந்த பிறகுதான் அளப்பாள். இந்தக் குளிரில், யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்காத தெருவில் நடக்கும்போது, அந்தத் தள்ளிப்போன புள்ளியை நினைத்தால் பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்குவது எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கோடு நூற்றிரண்டைத் தாண்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த உறையை வாசலில் நின்றபடியே பிரித்தேன். ஏழு நாள், பதினான்கு புள்ளிகள், எல்லாம் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலில். அடிக்கோல் வைத்தாற்போல் ஒரே நேர்கோடு. காய்ச்சல் விட்டுவிட்டது! தாளை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த வியாழன் நான் சுவரில் குத்தியது அதைத்தான்.

எங்கள் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் அளந்தது?"

"என் மனைவி."

"இது அளந்தது அல்ல. உயிருள்ள உடம்பு இப்படி இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கள் ஊரிலும் தெர்மாமீட்டர் இருக்கிறது, மேடம். என் மனைவிக்குப் பார்க்கவும் தெரியும்."

"நான் அதைச் சொல்லவில்லை" என்றார். அதைத்தான் சொன்னார் என்று முடிவு செய்துகொண்டு தாளைப் பிய்த்தெடுத்து வந்துவிட்டேன். எது அவருடைய பாடமோ, அதுவே என் வீட்டுக் கூடத்தில் நான் சொன்ன பாடம். வெள்ளிக்கிழமைப் புள்ளி தள்ளியிருக்கவில்லை என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. நல்லது என்று நினைத்த பிறகு மனம் எதையும் சரிபார்ப்பதில்லை.

அதன் பிறகு தாள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் அண்ணனின் கடிதம் வந்தது. அந்தக் கடைசித் தாளுக்கு முன்பே, திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பூங்கொடி போய்விட்டாள் என்றும், படிப்பு கெட்டுவிடும் என்று தந்தி கொடுக்கவில்லை என்றும், கொஞ்ச நாளைக்குத் தாளை மட்டும் அனுப்பும்படி மங்கையிடம் தான்தான் சொன்னதாகவும், மன்னிக்கும்படியும் எழுதியிருந்தார். எந்த நேரத்தில் என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்த நேரம், சுவர் முன்னால் பேராசிரியை அதைச் சொன்ன பதினொன்று பத்துதான்.

நான் ஊருக்குப் போகவில்லை. உதவித்தொகை நிபந்தனை, டிக்கெட், தேர்வு என்று காரணங்கள் சொல்லலாம். எதுவும் காரணம் ஆகாது. படிப்பு முடிந்து இங்கேயே பஸ் நேர அட்டவணை வடிவமைக்கும் வேலையில் சேர்ந்தேன். மங்கையை வரச்சொல்லி எழுதிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை ஆண்டு பதில் இல்லை.

பிறகு ஒருநாள் வந்தாள். கொண்டுவந்த பையைக்கூட இறக்கிவைக்காமல் என் அறைச் சுவரின் முன் போய் நின்றாள். பெரம்பலூர்க் கடையில் வாங்கிய தாள், இந்த ஊர்க் குண்டூசியில் அங்கேதான் தொங்குகிறது. பதினான்கு புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"மேலயும் கீழயும் மாத்தி மாத்தி வைம்மா, அப்பத்தான் சந்தேகம் வராதுன்னு அண்ணன் தலைப்பாடா அடிச்சிக்கிட்டாரு. நான்தாங்க நேரா வெச்சேன்" என்றாள். "பாத்ததும் புரிஞ்சிக்கிட்டு வந்துருவீங்கன்னு நெனச்சேன்."