சொந்தக்காரர் இல்லாத தீவு

எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் மூன்று இடங்கள்தான்: லண்டன், பாரிஸ், டொரொன்டோ. மூன்றிலும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். ஒரு கலியாணமோ வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்தியவீடோ வரும். போவோம், சாறி உடுப்போம், சாப்பிடுவோம், அவர்கள் வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுப்போம், பிறகு சுவிஸில் பேர்ணுக்குப் பக்கத்திலுள்ள ஓஸ்டர்முண்டிகனுக்குத் திரும்பிவிடுவோம். ஈஃபில் கோபுரத்தை நான் இன்றுவரை கார் ஜன்னலால் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவில் சைக்கிள் ஓடப்போகிறேன் என்று நான் சொன்னபோது, அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கேட்கவேண்டியதைக் கேட்டார்.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“தெரிஞ்ச ஆக்கள்?”

“இல்லை அம்மா. செம்மறியள்தான் நிக்குதுகள்.”

அம்மா மிச்ச வெங்காயத்தை ஒரே மூச்சில் வெட்டி முடித்தார்.

“அப்ப நானும் வாறன்.”

அம்மாவின் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பிரிவில் வேலை செய்கிறார். முதல் பஸ் வருவதற்கு முன்னரே அதிகாலை வேலை தொடங்கிவிடும் என்பதால், மழையிலும் பனியிலும் சைக்கிளில்தான் போய்வருகிறார். ஆனால் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு இது பெரிய பகிடியாகிவிட்டது. அப்பா அடுத்த அறையில் இருந்துகொண்டே எழுதினார்: “சைக்கிளிலை போறா, பஸ்ஸிலை வருவா.” டொரொன்டோ மாமா, தீவில் கேபிள் கார் உண்டோ என்று விசாரித்தார். அம்மா என் கைபேசியை வாங்கிக் குரல்பதிவு ஒன்று போட்டார்.

“எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. தீவின்ரை ஒரு முனையிலை இருந்து மற்ற முனை மட்டும் என்ரை காலாலைதான் போவன். ஒரு மீற்றரும் வாகனத்திலை ஓடி முடிக்கமாட்டன்.”

அதை நான்கு நாடுகளில் கேட்டார்கள். இனி அம்மாவால் பஸ் ஏற முடியாது.

திட்டமிடல் என் பொறுப்பு. ரயில் சமிக்ஞைகளின் மின்சுற்றுகளை வரைவது என் வேலை. எதையும் வரிசையாக எழுதாமல் என்னால் யோசிக்க முடியாது. முதல் வரியில் பாதை. வடக்குத் துறைமுகத்தில் தொடங்கித் தெற்கு முனையில் முடிப்பது. காரணங்கள் இரண்டு. ஒன்று, வடக்குத் துறைமுகத்துக்கு ரயிலிலிருந்து கப்பலுக்கு மாறும் இணைப்பு நன்றாக இருந்தது. இரண்டு, மலைகள் எல்லாம் வடக்கில் இருந்தன, தெற்கு தட்டையாக இருந்தது. கால்கள் புதிதாக இருக்கும்போதே ஏற்றத்தை முடித்துவிட்டால் மிச்சம் உலாத்தல்தான். வடக்குத் துறைமுகத்தில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள்களைத் தெற்கில் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரரும் எழுதியிருந்தார். உயர வரைபடத்தைப் பார்க்கவே அழகாக இருந்தது.

சுவிஸில் வளர்ந்தவர்கள் தூரத்தை ஏற்றத்தால்தான் அளப்பார்கள். காற்று எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் வருகிற ஒன்று. என் குறிப்புகளில் காற்று என்ற சொல் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது: டயருக்கு அடிக்கும் பம்பியின் பக்கத்தில்.

முதல் நாள் என் திட்டப்படியே நடந்தது. மலைகளின் மறைவில் ஏறினோம், இறங்கினோம். அம்மா ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் நின்று கறுவாத் தேநீர் குடித்தார். குழுவுக்குப் படம் போனது. அப்பா பதில் எழுதவில்லை.

இரண்டாம் நாள் மலை முடிந்தது. மறைப்பும் முடிந்தது. ஒரு மரம்கூட இல்லாத வெளி, புல், கடல், நேர் ரோடு. தென்மேற்கிலிருந்து வந்த காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. இறக்கத்திலும் மிதிக்கவேண்டியிருந்தது, மிதிக்காவிட்டால் சைக்கிள் நின்றுவிட்டது. கடைசிக் கியருக்கு மாற்றினேன், அதற்குக் கீழே இன்னொன்று இருக்குமோ என்று விரலால் தேடினேன். வேலியோரமாக ஒரு செம்மறி எங்களுடன் சேர்ந்து நடந்தது. கொஞ்ச நேரத்தில் எங்களை முந்திக்கொண்டு போனது.

“பிள்ளை,” என்று அம்மா பின்னாலிருந்து கத்தினார், “உன்ரை உலாத்தல் எப்ப துவங்கும்?”

நான் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். எந்த வேகத்தில் போட்டாலும் தெற்கு முனைக்கு நாங்கள் போய்ச் சேரும் நாள், அம்மா ஓஸ்டர்முண்டிகனில் வேலைக்கு நிற்கவேண்டிய நாளாகவே வந்தது. தீவின் நடுவில் ஒரு தங்கும் வீட்டின் முன்னால் இறங்கினோம். வீட்டுக்காரப் பெண் செம்மறி வளர்ப்பவர், அம்மாவின் வயதுதான். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வடக்கிலிருந்து என்றேன். எல்லோரும் தெற்கிலிருந்துதானே தொடங்குவார்கள், காற்று முதுகில் இருக்குமே, என்று மிகவும் மென்மையாகச் சொன்னார். நான் அவருக்கு ரயில் இணைப்பு நேரத்தை விளக்கத் தொடங்கினேன்.

“அம்மா, மிச்சத்துக்குப் பஸ் இருக்கு,” என்றேன் இரவுச் சாப்பாட்டின்போது.

“கொப்பர் சொல்லித் தந்தவரோ?”

அப்பாவின் வாட்ஸ்அப் பகிடியை அவர் மறக்கவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று கடைகள் பூட்டியிருப்பது எங்களுக்குப் புதிதல்ல. சாப்பாடு முடிந்தால் ரயில் நிலையத்துக் கடைக்குப் போவோம். இந்தத் தீவில் ரயில் இல்லை. பஸ்ஸும் ஞாயிறன்று ஓடாது. வீட்டுக்காரப் பெண் சனியன்றே உருளைக்கிழங்கு சீவி, இறைச்சி அவித்து வைத்துவிட்டார். ஞாயிறு அவர்களுக்கு ஓய்வுநாள். அம்மாவுக்கு இதை விளக்கவேண்டியிருக்கவில்லை.

“எங்கடை விரதம் மாதிரி. இதுக்கு ஏன் உனக்கு இவ்வளவு விளக்கம்?” என்றுவிட்டு, வீட்டுக்காரப் பெண்ணின் மேலங்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவரோடு தேவாலயத்துக்கே போய்விட்டார். அம்மாவிடம் ஆஸ்பத்திரி ஜெர்மனும் தொலைக்காட்சி ஆங்கிலமும்தான் உண்டு. நான் அறையில் இருந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் பளபளத்தது.

“சப்பாத்தைக் கழட்டாமல் உள்ளுக்குப் போயினம். ஆனால் பாட்டு நல்லாயிருந்தது. எங்கடை பஜனை போலை, ஒருத்தர் துவங்க மற்றவை பின்னாலை இழுக்கினம். நானும் இழுத்தனான்.”

“என்ன பாசையிலை?”

“ஆருக்குத் தெரியும். பாட்டுத்தானே.”

பிறகு, சமையலறையில் தொந்தரவு இல்லையா என்று கேட்டு உத்தரவு பெற்று, தன் சைக்கிள் பின்பையிலிருந்து அரிசிமா, உலர்ந்த தேங்காய்ப்பூ, மிளகாய்த்தூள் மூன்றையும் எடுத்தார். மூன்றும் என் பட்டியலில் இருக்கவில்லை. பாரம் குறையவேண்டும் என்று நான் எடுத்து வெளியே வைத்தவை அவை. ஒரு வடிதட்டில் துணி விரித்துப் பிட்டு அவித்தார், மிச்சத் தேங்காய்ப்பூவில் மிளகாய்த்தூள் போட்டுச் சம்பல் பிசைந்தார். குளிர்ந்த ஆட்டிறைச்சியுடன் மூவரும் சாப்பிட்டோம். வீட்டுக்காரப் பெண் சம்பலில் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தகவலைச் சொன்னார். நாளை அந்தப் பெண் கிடாய் இரண்டை ஏற்றிவர, வாகனத்தின் பின்னால் பூட்டிய வெறும் இழுவைப் பெட்டியோடு தெற்கு முனைக்குப் போகிறாராம். தேவாலயத்து வாசலிலேயே கதைத்து முடித்துவிட்டார்கள்.

“வாகனத்திலை ஏறமாட்டன் எண்டனீங்கள்,” என்றேன்.

“வாகனத்திலை *முடிக்க*மாட்டன் எண்டனான். துவங்கிற இடத்துக்குப் போறது ஓட்டமோ? நீ பேர்ணிலை இருந்து கப்பல் மட்டும் நடந்தனியோ?”

“சரி. அப்ப வடக்குப் பாதி ஏற்கெனவே ஓடியாச்சு. தெற்கிலை இருந்து இந்த வீடு மட்டும் ஓடினால் முழுத் தீவும் சரி. மிச்சத்துக்குப் பஸ் எடுப்பம்.”

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “துண்டு துண்டாய் ஒட்டினால் அது ஒரு ஓட்டமோ, பிள்ளை? முனையிலை இருந்து முனைக்கு எண்டு சொன்னனான்.”

திங்கள் காலை இழுவைப் பெட்டியில் சைக்கிள்களைக் கயிற்றால் கட்டினோம். முன் இருக்கையில் மூன்று பேர், ஒரு நாய். தெற்கு முனையில் இறங்கியபோது எங்கள் உடுப்பெல்லாம் கம்பளி மணம்.

அதன் பிறகு நடந்ததைச் சைக்கிள் ஓட்டம் என்று சொல்வது அவ்வளவு நேர்மையல்ல. காற்று எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா கால்களை மிதியிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை முழுவதும் அழுதழுது கடந்த நேர் ரோட்டை ஒரு தேநீருக்கும் அடுத்த தேநீருக்கும் இடையில் முடித்தோம். என்னை முந்திய அதே செம்மறியை நான் முந்தினேன். அதுவேதான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நான் மணி அடித்தேன்.

கடைசி நாள் காற்று நின்றுவிட்டது. மலைகள் முன்னால் நின்றன. முதல் நாள் நாங்கள் இறங்கிய செங்குத்தான பக்கம் இப்போது ஏற்றம். பாதி வழியில் அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது. அன்று மாலைக்குள் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் கப்பல் இல்லை.

அப்போது ஒரு வான் மேலேறி வந்து எங்கள் அருகில் நின்றது. வாடகைச் சைக்கிள் கடைக்காரர். பழுதான சைக்கிள் ஒன்றை ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். இருவரும் ஏறுங்கள், எப்படியும் என் கடைக்குத்தானே வருகிறீர்கள் என்றார். பின்கதவைத் திறந்தும்விட்டார்.

அம்மா சைக்கிளை விட்டு இறங்கினார். திறந்த கதவைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அம்மா பின்பைகள் இரண்டையும் கழற்றி வானுக்குள் வைத்தார்.

“பையள் போகட்டும். அதுகள் ஒரு வாக்கும் குடுக்கேல்லை,” என்றார்.

பிறகு கைபிடியைப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

“அம்மா, தள்ளினால் கணக்கிலை வருமோ?”

“தள்ளுறது ஆற்றை கால்? என்ரை கால்தானே.”

உச்சி வரை இருவரும் தள்ளினோம். அங்கிருந்து துறைமுகம் தெரிந்தது. கப்பல் இன்னும் வந்திருக்கவில்லை. அம்மா ஏறி உட்கார்ந்து, பிரேக்கில் கை வைக்காமல் இறங்கினார். நான் வைத்தேன்.

கடை வாசலில் எடுத்த படத்தை அம்மா தானே குழுவுக்கு அனுப்பினார். கீழே குரல்பதிவும் போட்டார். செம்மறிப் பெட்டியோடு தெற்குக்குப் போனது, முதலில் பிழையான பக்கம் ஓடியது, மலையில் தள்ளியது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டொரொன்டோ மாமா கும்பிடும் கைகளைப் போட்டார். அப்பாவின் பதில் நாங்கள் கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அடுத்த முறை எனக்கும் ஒரு சைக்கிள் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தார்.

அதை வாசித்துக் காட்டினேன். அம்மா கப்பல் ஜன்னலால் தீவைப் பார்த்தபடி யோசித்தார்.

“வரட்டும்,” என்றார். “வடக்கிலை இருந்து துவங்கச் சொல்லு.”