நான் போடாத கையெழுத்து

2005-இல் எங்கள் புற்றுநோய் வார்டில் ஆறு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். வார்டுக்குத் தலைமை டாக்டர் நான். தலைமை என்றால் வேறொன்றுமில்லை, ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதுவது, 'பார்க்கலாம்' என்று வரும் பதிலைப் படித்துவிட்டு நானே போய்ப் படுக்கை விரிப்பு மாற்றுவது. அந்த நாட்களில் எனக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும்.

இருந்த இருவரில் ஒருத்தி அப்போதுதான் படிப்பை முடித்து வந்தவள். இன்னொருத்தி கோட்டக்குப்பத்துக்காரி. அவளை நம்பித்தான் வார்டே ஓடியது. எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்த பெண்கள். உப்புத்தண்ணீரில் காய்ந்து வெடித்த கைகளில் நரம்பு கண்ணுக்கே தெரியாது. கீமோ மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். அவள் அந்தக் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்வாள். அப்புறம் ஊர்க்கதை பேசிக்கொண்டே விரலால் தடவுவாள். ஒரே குத்து. நான் முயன்றால் நாலு.

"டாக்டரம்மா, நீங்க சீட்டு எழுதுங்க. குத்துறத சிஸ்டரு பாத்துக்கட்டும்" என்றாள் உப்பளத்து அம்மா ஒருத்தி. வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு மார்பில் கட்டி. இன்னும் மூன்று ஊசி பாக்கி இருந்தது.

சிஸ்டருக்குக் கல்யாணமாகி இரண்டே மாதத்தில் கணவர் சவூதியில் தான் வேலை பார்த்த தம்மாமுக்குத் திரும்பிவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மதியம் வார்டு போனில் கூப்பிடுவார். என் அறைக்கும் போனுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். "சாப்ட்டீங்களா? என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்பாள். அப்புறம் போனைக் காதில் வைத்தபடியே நிற்பாள்.

அவர் இருந்த ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேலையிலிருந்து விடுவித்துக் கடிதம் தர வேண்டியது நான். டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு வாரத்துல ஏஜென்ட் கேக்குறாரு மேடம்."

"கையெழுத்துப் போட்டுத் தர்றேம்மா" என்றேன்.

போடவில்லை. மேஜை டிராயரில் ஒரு ஃபைலுக்கு அடியில் வைத்தேன். அந்த அம்மாவின் மூன்று ஊசி முடியட்டும், அதற்குள் புது ஆள் வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒரு தடவை கேட்டாள். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அப்புறம் அவள் கேட்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், "தேதி போயிடுச்சு மேடம். வேற ஆளப் போட்டுட்டாங்களாம்" என்றாள். மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள்.

மூன்று ஊசியும் நல்லபடியாக முடிந்தன. அந்த அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் சிஸ்டர் மாறிப்போயிருந்தாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் டீ நேரத்தில் என் அறைக்கு வந்து, யார் கஞ்சியைக் கொட்டினார்கள், யார் வீட்டில் சண்டை என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அது நின்றுவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். பத்தடி தூரத்தில் இருந்தவளுக்காக அப்படி ஏங்கினேன். அந்த ஏக்கம் இன்றுவரை தீரவில்லை.

மறுபடியும் வேலை கிடைக்க ஏழு மாதம் ஆனது. இந்தத் தடவை அவள் கடிதத்தை நீட்டியதும் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். கடைசி நாள் சொல்லிக்கொண்டு போக வந்தாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"போன தடவை உன் லெட்டர நான் எங்கயும் அனுப்பலம்மா."

"தெரியும் மேடம்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "மருந்து ஃப்ரிட்ஜ் சாவி உங்க மேஜை டிராயர்லதான இருக்குது. தினம் காலைல சாவி எடுக்கறப்போ ஃபைலுக்கு அடியில லெட்டரப் பாப்பேன். இன்னிக்கு நீங்களா எடுத்துக் குடுத்துடுவீங்கன்னு நெனச்சுக்குவேன்."