கிருமி கொல்லும் நீல விளக்கு

1. முதல் நாள் தரிசனம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் டாக்டர் எனக்குக் காட்டியது நோயாளிகளை அல்ல, ஒரு விளக்கை. தொண்ணூறுகளின் கடைசி. புதுப்பட்டினத்தில் அப்போது இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், டாக்டரின் பேரப்பிள்ளைகள் பாவம். ஆபரேஷன் தியேட்டர் கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக உள்ளே நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

“யூவி லைட் சிஸ்டர். ராத்திரி பூரா எரியும். காலைல உள்ள ஒரு கிருமி உயிரோட இருக்காது. செங்கல்பட்டு வரைக்கும் எந்தப் பிரைவேட் ஆஸ்பத்திரியிலயும் இது கிடையாது. நேராப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்.”

நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அப்படித்தான் திருப்பிக்கொள்வார்கள். சுவிட்ச் வெளியே இருந்தது. காலையில் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். ட்யூப் மேலே துளையிட்ட தகரக் கூண்டுக்குள் மறைந்திருந்தது. எனவே எல்லோரும் வணங்கிய அந்த விளக்கை ஒருவரும் பார்த்ததில்லை.

வணங்கிய என்று சும்மா சொல்லவில்லை. அட்மிஷனுக்கு வருகிறவர்களை டாக்டர் முதலில் அந்தக் கண்ணாடிக்குத்தான் கூட்டிப்போவார். கடப்பாக்கத்திலிருந்து மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்க்க வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டாக்டர் தடுக்கவில்லை.

யூவி பற்றி நான் நர்சிங்கில் படித்திருந்தேன். வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மட்டும்தான் அது கிருமியைக் கொல்லும். டேபிளுக்கு அடியில், டிராலியின் நிழலில் ஒன்றும் செய்யாது. ஆகவே சுவரைக் கழுவுவது, ஃபார்மலின் புகை போடுவது, கத்தி கத்தரிக்கோலையும் துணியையும் ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வைத்து எடுப்பது, எல்லாம் கூடவே நடக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னேன்.

“ஃபார்மலின் எதுக்கு சிஸ்டர்? எனக்கு சைனஸ் இருக்கு. அதான் லைட் இருக்குல்ல.”

ஆட்டோகிளேவில் பிரஷர் முள் ஏறியதுமே “ஏறிடுச்சுல்ல, போதும், இறக்கு” என்பார். ஏறிய பிறகுதான் நிமிடக் கணக்கே ஆரம்பம் என்று நான் வாயைத் திறந்தால், “கரண்ட் பில்லு நீங்களா கட்டுறீங்க? அதான் லைட் இருக்குல்ல” என்பார். சனிக்கிழமை சுவர் கழுவுவதும் அப்படியே நின்றது. ஒரே ஒரு விளக்கு ஊரில் இருந்த மற்ற எல்லா வேலைக்கும் லீவு கொடுத்துவிட்டது.

2. சீழ்

கோடையில் தையல்கள் சீழ் பிடிக்க ஆரம்பித்தன. முதலில் ஒரு குடலிறக்கம். அப்புறம் ஒரு சிசேரியன். அந்தப் பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வலியில் பல்லைக் கடித்தாள். மூன்றாவதாக வந்தவர் உள்ளூர்ப் பிரமுகருக்கு மைத்துனர். அதனால்தான் விசாரணை வைத்தார்கள்.

குற்றவாளியை டாக்டர் விசாரணைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். தியேட்டரைத் துடைக்கும் ஆயா கஸ்தூரி. துடைப்பத்தை அவள் வைத்திருக்கிற அழகைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். மாப்பைக் கொதிக்கும் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, யாராவது தொட்டால் கத்துவாள். வாட்ச்மேன் ஏகாம்பரத்துக்கும் அவளுக்கும் தினம் சண்டை. அவன் சேற்றுக் காலோடு வராண்டாவில் நடப்பான், இவள் “யோவ், உனக்குக் கண்ணு கீதா இல்லியா?” என்பாள். ஆஸ்பத்திரியின் சுப்ரபாதம் அது.

வேலை போகிறது என்று தெரிந்ததும் கஸ்தூரி லினன் ரூமில் வந்து என் பக்கத்தில் நின்றாள். அழவில்லை.

“வேல போனா போவுது சிஸ்டர், கூலிக்காவது போய்க்கலாம். ஆனா சுத்தமில்லாதவன்னு சொல்லி அனுப்புறாங்க பாரு. எங்க ஜனத்த அப்டிச் சொல்றது இன்னா புச்சா? எங்கம்மாவ வயலு வரப்பு அண்டகட்டுல வச்சே ஆயுசு முச்சூடும் சொன்னாங்க. இந்த யூனிஃபார்ம் போட்டப்பறந்தான் என்ன யாரும் சொல்லல.”

அந்தப் பெயரோடு வெளியே போனால் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடாது. ஆனால் அவளுக்காக நான் என்ன சொன்னாலும் டாக்டரிடம் பதில் தயாராக இருந்தது. விளக்கு.

3. விசாரணை

டாக்டரின் அறை. நானும் கஸ்தூரியும் நின்றோம். அவளிடமிருந்து சாவியும் யூனிஃபார்மும் வாங்கிக்கொள்ள ஏகாம்பரத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் ஓபி கூட்டம்.

நான் ஆட்டோகிளேவ் பேச்சை எடுத்தேன். டாக்டர் கையை உயர்த்தினார்.

“சிஸ்டர், சிம்பிள் லாஜிக். அந்த லைட்டுக்குக் கீழ ராத்திரி எந்த உயிரும் தப்பிக்காது. எந்த உயிரும்! அப்ப கிருமி எங்கிருந்து வந்துச்சு? காலைல இவ கொண்டுபோற மாப்புலேர்ந்து. வேற வழியே கிடையாது. ஏகாம்பரம், சாவிய வாங்கு.”

ஏகாம்பரம் சாவியை வாங்கவில்லை. மண்டையைச் சொறிந்தான். கஸ்தூரியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். பிறகு வெடித்தான்.

“எந்த உயிரும் தப்பாதுன்னா, அப்ப நான் இன்னா சார், பொணமா?”

“என்னய்யா உளர்ற?”

“வெயில் காலம் முச்சூடும் அந்த லைட்டுக்குக் கீயதான சார் பட்த்துகினு கீறேன்! ஏசியப் போட்டுகினு, டேபிளுக்குப் பக்கத்துல பாய் விரிச்சிகினு. எனக்கு இன்னா ஆச்சு? ஒரு கொசுகூட சாவல சார். எல்லாத்தயும் நான்தான் அடிச்சிகினு இருந்தேன். இந்தம்மா காலைல வந்து அந்தக் கொசு ரத்தக்கறைய தொடச்சிட்டு, யாரு வேலன்னு தெரியாமயே திட்டும். அதுவா சுத்தமில்லாதது?”

அடப்பாவி! தியேட்டரில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான் என்று எனக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. உண்மையான யூவிக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்தால் மறுநாள் கண் திறக்க முடியாது. தோல் வெந்து உரியும். இவனோ கோடை முழுவதும் படுத்திருந்து, பனங்கொட்டை மாதிரி நிற்கிறான்.

“டாக்டர், இவர் உயிரோட இருக்கார்னா கிருமியும் உயிரோட இருக்கும்” என்றேன்.

ஸ்டூல் போட்டு ஏறி, தகரக் கூண்டைக் கழற்றி, ட்யூபை எடுத்தோம். உண்மையான யூவி ட்யூபின் கண்ணாடி நிறமே இல்லாமல் இருக்கும். இதற்கு மேலிருந்து கீழ்வரை நீலச் சாயம். ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் ‘பாபு’ என்று எழுதியிருந்தது. ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு சீரியல் செட்டும் மைக்செட்டும் கட்டுகிற எலக்ட்ரீசியன் பாபு. வாடகைக்குப் போகும் ட்யூபெல்லாம் மாறிப்போகாமல் இருக்கப் பெயர் எழுதிவைப்பான்.

ஆளை வரவழைத்தார்கள். அவனுக்குக் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

“போன ஆடிலயே உங்க ட்யூபு பூட்டுச்சு சார். அது மெட்ராஸ்லதான் கெடைக்கும். நீங்க இன்னா சொன்னீங்க? சாயங்காலம் விஐபி வர்றாரு, எப்டியாவது நீலமா எரியணும்னீங்க. எரியுதா இல்லியா? கிருமி சாவணும்னு யாரும் சொல்லவே இல்லியே!”

டாக்டர் அந்தச் சிவப்பு எழுத்து கீழே போகும்படி ட்யூபைத் திருப்பி வைத்தார். பிறகு கஸ்தூரியிடம், “சரி சரி, போய் வேலையப் பாரு” என்றார்.

கஸ்தூரி நகரவில்லை. “சுத்தமில்லன்னீங்களே சார்.”

“அதான் விட்டாச்சே.”

“விட்டது தெரிது. சுத்தம்னு சொல்லுங்க.”

டாக்டருக்கு முகம் சிவந்தது. “ஓகே, ஓகே. யூ ஆர் க்ளீன்” என்று இங்கிலீஷில் சொன்னார். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன், வெளியே ஓபி பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. “கஸ்தூரி, நீ சுத்தம்னு டாக்டர் சொல்றாரும்மா!”

ஏகாம்பரத்தை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் குதித்தார். ஏன் அனுப்பினீர்கள் என்று ஊர் கேட்கும், யூவிக்குக் கீழே படுத்து சுகமாக இருந்தான் என்று சொல்ல வேண்டிவரும் என்றேன். ஏகாம்பரத்தின் வேலை தப்பியது. அந்தக் குழப்பத்திலேயே ஆட்டோகிளேவுக்கு முழு நேரமும், சனிக்கிழமைக் கழுவலும், ஃபார்மலினும் வாங்கிக்கொண்டேன். சீழ் நின்றது. சென்னையிலிருந்து புது ட்யூபும் வந்தது. “லேட்டஸ்ட் மாடல், இப்பத்தான் மாத்தினோம்” என்று நோயாளிகளிடம் டாக்டர் சொல்லிக்கொண்டார்.

ஏகாம்பரத்தை நான் தனியாகக் கூப்பிட்டு, இது நிஜ விளக்கு, உள்ளே போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். சிரித்தான்.

“போன தபாவும் எல்லாரும் இதான சிஸ்டர் சொன்னீங்க?”

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முகம் வெந்து சிவந்து, இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாக வீங்கி, தாரை தாரையாகக் கண்ணீர். வலியில் துடித்தான். ஆனால் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சிஸ்டர்... சிஸ்டர்! இது ஒரிஜினல் சிஸ்டர்! நல்லா வேல செய்து!”

கஸ்தூரிதான் பஞ்சை ஐஸ் தண்ணீரில் நனைத்து அவன் கண்ணில் வைத்தாள், திட்டிக்கொண்டே. ரெண்டு நாளில் சரியாகிவிட்டது.

அதன்பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளில் ஸ்டெரிலைசேஷன் பிரிவிலேயே என் காலம் ஓடியது. அங்கே ஆட்டோகிளேவுக்குள் உயிருள்ள கிருமி தடவிய சின்னக் காகிதத்தை வைத்து, வெளியே எடுத்து வளர்த்துப் பார்ப்போம். அது செத்திருந்தால்தான் மிஷின் வேலை செய்தது என்று அர்த்தம். இளம் பெண்கள் பாடத்தில் இதை ஸ்போர் ஸ்ட்ரிப் என்று படித்துவிட்டு வருவார்கள். நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.

ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, சிறுசேரிப் பக்கம் புதிதாக வந்த ஆஸ்பத்திரியில், டை கட்டிய சேல்ஸ் பையன் ஒருவன் பளபளவென்று ஒரு மிஷினை விளக்கினான். “மேடம், ப்ளூ லைட் எரிஞ்சா உள்ள எல்லாம் செத்துடுச்சுன்னு அர்த்தம்” என்றான்.

“லைட் எரியட்டும் தம்பி. உள்ளே ஒரு ஏகாம்பரத்தை வச்சுக் காட்டு, வாங்கிக்கிறேன்” என்றேன்.