முழு நிமிடம் எண்ணிய நாடி

1940களில் திருச்சுழியில் ஒரு சிறு டிஸ்பென்சரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். டாக்டர் புதன்கிழமை மட்டும் வருவார். நாடியைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது அங்கே வழக்கம். வரிசை நீளமானது. நானும் அப்படியே செய்தேன்.

வேலாண்டி கிணறு வெட்டும் கூட்டத்தில் வெடிக்குத் திரி பற்றவைப்பவர். பற்றவைத்ததும் கயிற்றைப் பிடித்து மேலே ஏறிவிட வேண்டும். கழுத்தில் நெரிகட்டி, மாதக்கணக்கில் இருமல் என்று வந்தார். சளியை மூன்று முறை அருப்புக்கோட்டைக்கு அனுப்பினோம். காசக் கிருமி இல்லை. கல் தூசியாக இருக்கலாம் என்றார் டாக்டர். நாடி 72 என்று நான் எழுதினேன்.

மறுவாரம் அவர் மனைவி சிட்டுவும் வந்தாள்.

“சோறு திங்கயில இவுகளுக்குக் கண்ணு சொருகுது நர்ஸம்மா. கேட்டா ஒண்ணுமில்லங்காக.”

“இவ வைக்கிற கொழம்புக்கு எவனுக்கும் சொருகும்,” என்றார் வேலாண்டி.

இம்முறை முழு நிமிடம் எண்ணினேன். முதல் கால் நிமிடத்தில் 18. அடுத்ததும் சரி. மூன்றாவதில் நாடி நின்றது. ஐந்து விநாடி கழித்துத் திரும்பியது. போன வாரம் எனக்குக் கிடைத்தது நல்ல கால் நிமிடம்.

மறுநாள் பாலவனத்தம் பக்கம் ஒரு கிணற்றில் வெடி. டாக்டர் வர ஐந்து நாள் இருந்தது. வேலாண்டியை இறக்க வேண்டாம் என்று சொல்ல நானே கிணற்றுக்குப் போனேன்.

“திரி வைக்க இவன விட்டா ஆளில்லம்மா,” என்றார் மேஸ்திரி.

அவரையே வேலாண்டியின் நாடியைப் பிடிக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.

“பாத்தீகளா? நல்லாத்தான துடிக்குது.”

“இன்னொரு நிமிசம்.”

“அதுக்குள்ள ஒரு குழி போட்டுருவோம்.”

மூன்றாவது நிமிடத்தில் மேஸ்திரி வெடுக்கென்று கையை எடுத்தார். “ஏலே, ஆளு உக்காந்திருக்க, நாடியக் காணோமே!”

அன்று திரி வைக்க மேஸ்திரியே இறங்கினார்.

புதன்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, கிணற்றில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வேலாண்டிக்கு மேலே உலையில் உளி காய்ச்சும் வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் நெரிகட்டி வற்றியது. இருமலும் நின்றது.

“எல்லாம் வத்திருச்சே. இன்னும் எதுக்கு என்னைய மேலயே உக்கார வைக்கிறீக?”

முழு நிமிடம் எண்ணினேன். 38.

“எறங்கக் கூடாது.”

“உங்க கடியாரத்த ஒருநா கெணத்துல போட்டுருவேன்,” என்று போனார். ஆனால் இறங்கவில்லை.

நான்காம் வருடம் உலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இறந்தார். சிட்டு வந்து சொன்னாள்: “உளியக் கீழ வச்சுட்டுத்தான் சாஞ்சாக. வெடியில செதறாம, மூஞ்சிய முழுசாப் பாத்து அனுப்புனேன்.”

பல வருடம் கழித்து ஓர் இதய மருத்துவரிடம் என் குறிப்பேட்டைக் காட்டினேன். சார்காய்டு என்ற நோயாக இருந்திருக்கலாம் என்றார். காசம்போலத் தெரியும், நுரையீரலில் அடங்கினாலும் இதயத்தில் தழும்பை விட்டுவிடும், யாருடைய இதயத்தைத் தொடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தூசி காரணமா என்று கேட்டேன். உறுதியில்லை என்றார்.

குறிப்பேட்டில் அந்த 72 இன்னும் இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் ‘கால் நிமிடம்’ என்று மட்டும் எழுதிவைத்தேன். அதன்பின் எந்த நாடியையும் முழு நிமிடத்துக்குக் குறைவாக எண்ணியதில்லை.