பத்மாவதி பின்னிய மஞ்சள் கடல்

எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதிக் கம்பனி. ஐந்து பெண்கள் காலை ஐந்து மணிக்கு வந்து அதைத் துடைப்பார்கள். எட்டரைக்கு மற்றவர்கள் வந்து அழுக்காக்குவார்கள். 1986இல் அந்த ஐவரில் ஒருவர் பத்மாவதி.

ரெலெக்ஸ் என்ற தந்தி மெசின் இருக்கும் அறைக் குப்பை அவருடைய பங்கு. அனுப்புகிற செய்தியை முதலில் மஞ்சள் காகித நாடாவில் துளைகளாகக் குத்துவார்கள். நாடா மெசினில் ஓடும். வெலிங்டன் தலைமை அலுவலகத்தில் எழுத்தாக விழும். பிறகு நாடா கூடைக்குள். முழம் முழமாக, நல்ல காகிதம். கொண்டுபோகட்டுமா என்று மனேஜரைக் கேட்டார்.

"தாராளமாக. வெறும் ஓட்டைதானே," என்றார் மனேஜர்.

ஒனிஹங்காவில் வாடகை வீடு. முன்யன்னலில் நாடாக்களை மடித்து மடித்துப் பின்னினார். பசை இல்லை, கத்தரிக்கோல் இல்லை. எட்டு மாதத்தில் ஆளுயரத் திரை ஒன்று வந்தது: நீர் வற்றிய நேரத்தில் வீட்டுக்குப் பக்கத்து மனுக்காவ் கடல், சேறும் நீர்க்கோடுமாக. வெயில் பட்டால் ஆயிரம் வெளிச்சப் புள்ளிகள் கம்பளத்தில் நடுங்கும்.

அதைக் கலை என்று முதலில் சொன்னவர், பத்மாவதி காட்டிய போட்டோவைப் பார்த்த மனேஜர்தான். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்து ஆட்கள் வருகிறார்கள், வாசல் மண்டபத்தில் மாட்டுவோம், கீழே உன் பெயரும் இருக்கும் என்றார். அந்தக் கட்டிடத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மற்ற நான்கு பெண்கள் மட்டும். பத்மாவதி ஆசைப்பட்டார். அதில் என்ன குற்றம்?

வியாழன் பின்னேரம் திரையைச் சுருட்ட எமிலி துணைக்கு வந்தார். மன்னார்க்காரி, ஐவரில் இன்னொருவர். பத்மாவதி கடைசியாக ஒருமுறை யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"எமிலி, இதிலை எங்கடை கதை கிடக்கு."

யாழ்ப்பாணத் தந்திக் கந்தோரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர் பத்மாவதி. துளையைப் பார்த்தால் எழுத்து தெரியும். தெரிந்தாலும் வாசிப்பதில்லை, அடுத்தவர் செய்தியை வாசிக்காததுதான் அந்த வேலையின் மானம். இன்று 'கிளீனர்' என்ற சொல் தானாகக் கண்ணில் குத்திவிட்டது; மீதியையும் வாசித்தார். மார்ச் முடிய ஐவரையும் நிறுத்துவது, வேலையை வெளிக் கம்பனிக்குக் கொந்தராத்தாகக் கொடுப்பது, அதுவரை அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது. கடைசியில் மனேஜரின் பெயர்.

"உடனை தொழிற்சங்கத்துக்குச் சொல்லுங்கோவன்."

"கிளீனர் ஒருத்தி ஓட்டையைப் பாத்து வாசிச்சவளாம் எண்டா ஆர் நம்புவினம்? நாடாவைக் குடுத்தா மெசின் தானே அடிச்சுக் காட்டும்."

"அது கடைசியா நடுவிலை பூட்டின நாடாவெல்லோ! இழுத்தா முழுக்கக் கழண்டு போகுமே. நாளைக்கு மாட்டட்டும் அக்கா, உங்கடை பேரும் வரட்டும். திங்கக்கிழமை இழுப்பம்."

"நாளைக்கு வாற ஆக்கள் அதுக்குக் கையெழுத்து வைக்கத்தான் வருகினம். அதுவும் இதிலை கிடக்கு."

எமிலி சுருட்டிக் கட்டக் கொண்டுவந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

சங்கத்து நோட்டீசில் என்றால் இந்த இடத்தில் வீரம் என்று போடுவார்கள். உண்மையில் பத்மாவதி அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நடு நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தார். எட்டு மாதக் கடல் காலடியில் குவிந்தது. எமிலி அயன்பெட்டியைச் சூடாக்கி, மடிப்பு மடிப்பாக நாடாவை நீவி எடுத்தார்.

அன்றிரவே சங்கத்துக்காரர் அதைத் தெரிந்த இடமொன்றில் ரெலெக்ஸ் மெசினில் ஓட்டினார். வெள்ளி காலை விருந்தாளிகள் வந்தபோது ஐவரும் அவரோடு தேநீர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் மெசின் அடித்துத் தந்த தாள்.

"இது கம்பனி இரகசியம்," என்றார் மனேஜர்.

"குப்பை என்று நீங்கள்தான் தந்தீர்கள்," என்றார் பத்மாவதி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

பேச்சுவார்த்தை ஐந்து கிழமை இழுபட்டது. கொந்தராத்து வரவில்லை. ஆளுக்கு வாரத்தில் இரண்டு மணித்தியால வேலையை வெட்டினார்கள், ஐவருக்கும் வேலை நிலைத்தது. அதன்பிறகு நாடாவைத் தூள் தூளாக வெட்டித்தான் கூடையில் போட்டார்கள். மண்டபத்துச் சுவருக்குப் பாய்க்கப்பல் படமொன்றைக் கண்ணாடி போட்டு வாங்கி மாட்டினார்கள். அந்தக் கண்ணாடியைத் துடைப்பது பத்மாவதியின் பங்கு.