சவரிமுத்துவின் தம்பி இந்து

போன சனிக்கிழமை ஒரு சர்க்கார் ஆபீஸ் வராந்தாவில் சவரிமுத்துவோடு காத்திருந்தேன். பம்பாய் தாராவியில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்ப்பவர். திருநெல்வேலிப் பக்கம். என்னைப் போல் மாதுங்காவில் குடியிருந்துகொண்டு பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பெரிய இடங்களில் செல்வாக்கு உண்டு என்று நம்புகிற அப்பாவி!

விஷயம் இதுதான். அவர் மகள் மேரி எஸ்.எஸ்.ஸி. பாஸ். டைப்ரைட்டிங்கும் பாஸ். அவர் தம்பி சுடலைமுத்துவின் மகள் பேச்சியும் அப்படியே. ஒரே சால் குடியிருப்பு, ஒரே ஸ்கூல். ஷெட்யூல்டு வகுப்பாருக்கென்று ஒதுக்கிய டைப்பிஸ்ட் வேலைக்கு இரண்டு பெண்களும் மனுப் போட்டார்கள். பேச்சிக்கு வேலை கிடைத்தது. மேரியின் மனு திரும்பி வந்துவிட்டது.

ஏன்? சவரிமுத்து கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியவர். தம்பி வாங்கவில்லை. அவ்வளவுதான்.

அதிகாரி நம்மவர், தமிழர். மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டுச் சட்டம் பேசினார்.

"இந்துவா இருக்கணும், இல்லேன்னா சீக்கியரா இருக்கணும் சார். கிறிஸ்தவத்துலதான் ஜாதியே கிடையாதே... இல்லாத ஜாதிக்கு எப்படிச் சலுகை தர்றது?"

பதில் சவரிமுத்துவிடம் இருந்தது.

"ஐயா, எங்க ஊரு மாதா கோயில்ல எங்க ஆளுக உக்கார தனி ஓரம் உண்டு. கல்லறைத் தோட்டத்துலயும் நடுவுல சுவரு. செத்தாலும் அந்தப் பக்கம் போவ முடியாது. சாதி இல்லன்னு அவுககிட்டயும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அதிகாரி சிரித்து மழுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு பேரை மாத்தி, இந்துவா மாறிட்டான்னு எழுதிக் கொண்டு வாங்கோ. பார்க்கலாம்" என்றார்.

நம்முடையது மதச்சார்பற்ற நாடு. மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோம். சர்க்காருக்கு மதமே கிடையாதாம். அப்படியானால் ஒரு டைப்பிஸ்ட் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்று அது ஏன் விசாரிக்கிறது? யாரும் எந்த மதத்துக்கும் போகலாம், பூரண சுதந்திரம் — போனால் வேலை மட்டும் கிடையாது!

வெளியே வந்ததும் கேட்டேன். "எழுதிக் கொடுத்துடப் போறீங்களா?"

"மேரி மாட்டேங்கா. விக்ரோலியில ஏதோ பாக்டரிக்கு பாக்கிங் வேலைக்குப் போறேங்கா. நான் படுற பாட்டை அவளும் படக் கூடாதுன்னுதான ஐயா படிக்க வச்சேன்..."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் வருகிற வரையில் ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஊர்ல உங்களையும் தம்பியையும் வித்தியாசமா நடத்துவாங்களோ?" என்று கேட்டு வைத்தேன்.

"சே, அதெல்லாம் இல்ல. டீக்கடையில கிளாஸ் கிடையாது, ரெண்டு பேருக்கும் தேங்காச் சிரட்டையிலதான் ஊத்துவான்."

எல்லா மதத்தையும் சமமாக நடத்துகிற ஆள் நம் நாட்டில் இருக்கத்தான் இருக்கிறார்... அந்த டீக்கடைக்காரர்.