எண்ணை உடைத்த காரணி

எந்த எண்ணையும் அவள் சும்மா விடமாட்டாள். பேருந்துச் சீட்டில் 91 என்றிருந்தால், ஏழு, பதின்மூன்று என்று பகா எண்களாக உடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் இருபது வருஷமாக ஒரே மேசை. ‘காரணி’ என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

நுரையீரல் மருந்துச் சோதனைக்கு அறுநூறு பேர். யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு மருந்தில்லாத போலி என்பது டாக்டருக்கே தெரியக் கூடாது.

“காசைச் சுண்டிப் போட்டு எழுதும்மா. எந்த ஒழுங்கும் இருக்கக் கூடாது,” என்றார் பெரிய டாக்டர்.

அறுநூறு தடவை சுண்ட யாரால் ஆகும்? காரணி தன் கைவரிசையைக் காட்டினாள். நோயாளியின் எண்ணை உடைத்தால் வரும் பகா எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நிஜம், ஒற்றைப்படை என்றால் போலி. சரிபார்த்தவர்கள் தலைகீழாக நின்றும் அதில் ஒழுங்கு எதுவும் தட்டுப்படவில்லை. சுண்டிப் போட்டதேதான் என்று கையெழுத்திட்டு, பட்டியலை உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். அவளுக்கு உள்ளூர ஏகப் பெருமை.

மூன்றாம் மாதம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். மூச்சிரைப்புக்காரர்.

“உங்க ஆஸ்பத்திரி சோதனையிலதான் சேர்ந்திருக்கேன். சொன்னா நீ வேண்டாம்பேன்னு சொல்லல. இந்த மாத்திரை போட்டதுலேர்ந்து ரெண்டு மாடி நிக்காம ஏறுறேன் தெரியுமா?” என்று தன் நோயாளி எண் இருந்த அட்டையை நீட்டினார்.

385. ஐந்து, ஏழு, பதினொன்று. மூன்று. போலி.

அவள் கணக்குப் போடவே இல்லை. கண் பட்டதும் அதுவாக உடைந்துவிட்டது. அறுநூறு பேரின் ரகசியமும் தன் தலைக்குள் திறந்தே கிடக்கிறது என்பது அப்போதுதான், பாவி மகளுக்கு, உறைத்தது. வாயை மூடினால் அண்ணன் வெறும் மாவு மாத்திரையைத் தின்று கொண்டிருப்பார். திறந்தால் சோதனையே போச்சு.

மறுநாள் காலை பெரிய டாக்டரிடம் போய் நின்றாள்.

“நான் காசு சுண்டல சார். எந்த நம்பர் சொன்னாலும் என்ன மாத்திரைன்னு சொல்லிடுவேன்.”

டாக்டர் சிரித்தார். “நானூத்தி முப்பத்தேழு?”

“பத்தொன்பது, இருபத்துமூணு. ரெண்டு. நிஜம்.”

டாக்டர் உறையைப் பிரித்துப் பார்த்தார்; அதிலும் நிஜம் என்றுதான் இருந்தது. அன்றே சோதனையை நிறுத்தினார்கள். முதலிலிருந்து தொடங்க இன்னும் ஒரு வருஷமாம்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். அவர் தின்றது போலி என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, நான்கே படிக்கு மூச்சு வாங்கியது.

“நிறுத்திட்டாங்களாம்மா. உன் ஆபீஸ்தானே, எனக்கு மட்டும் அதே மாத்திரையை வாங்கிக் குடேன்,” என்றார்.